தபால் பெட்டியில் எழுதாத பெயர்

அத்தியாயம் பதினொன்று

ஒரு கையில் கறுப்பு மார்க்கர், இன்னொரு கையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். எதிரே சுவரில் இருபத்து நாலு தபால் பெட்டிகள். ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் நான் இப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் மாணவர் விடுதியைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் வோல்ஃப். ஹெர் வோல்ஃப் என்று கூப்பிட வேண்டும். ஹெர் என்றால் நம் ஊர் 'ஐயா' மாதிரி. அறுபது வயதிருக்கும், இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கும். அவர்தான் அந்தத் தாளைக் கொடுத்து, குடும்பப் பெயரை எழுதி உன் பெட்டியில் செருகிவிடு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நான் கொ. வளர்மதி. கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்திலிருந்து கோயம்புத்தூர் கல்லூரி வரைக்கும் அந்த ஒற்றை எழுத்தே போதுமானதாக இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டர்காரர், சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, சும்மா விட்டால் பின்னால் பேஜாரு என்று சொல்லி, இனிஷியலை விரித்து அதில் போட்டுவிட்டார். ஆகவே ஜெர்மனியைப் பொறுத்தவரை என் குடும்பப் பெயர் கொளஞ்சி. அது என் அப்பாவின் பெயர்.

அந்தப் பெயரைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

மார்க்கர் மூடியைப் பல்லால் இழுத்துத் திறந்தேன். வளர்மதி என்று பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதினேன். பெட்டியில் செருகினேன். "எங்கூடப் பேச மாட்டாரு, ஏத்தி வுட வர மாட்டாரு, அவுரு பேரு மட்டும் எனக்கு எதுக்கு?" என்று அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அங்கே யாருக்குப் புரியப்போகிறது.

அந்த வீம்பு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போலீஸ்காரர் கொண்டுவந்த சேதி

இதுவரை எழுதிய பத்து அத்தியாயங்களில் அப்பா அதிகம் வரவில்லை. ஒரு வாசகி அதைக் கண்டுபிடித்து, உங்கள் அப்பா இருக்கிறாரா என்றே கேட்டு எழுதியிருந்தார். இருக்கிறார் அம்மா, நன்றாக இருக்கிறார். கோமுகி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் கரும்பு வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதினால் என் தப்பையும் எழுத வேண்டியிருக்கும் என்றுதான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன்.

தப்பு இதுதான். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கப்போகிற விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன், தம்பியிடம் சொன்னேன், அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். நான் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதற்கே ஒரு வாரம் வீட்டில் யாரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை. எல்லாம் கைகூடி வரட்டும், கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ் வீட்டுக்கு வரும் என்பது எனக்குத் தெரியும். வருவதற்கு முன் போன் செய்வார்கள், ரோட்டிலேயே பார்த்துப் பேசி அனுப்பிவிடலாம் என்று திட்டம் வைத்திருந்தேன். அந்தப் போலீஸ்காரர் போன் செய்யவில்லை. ஒரு சாயங்காலம் நேராக எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தினார். அப்பா மாட்டுக்குப் போடக் கொண்டுவந்த கரும்புத் தோகைக் கட்டை அப்போதுதான் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்.

எதிர்வீட்டிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். வளர்மதி உங்கள் பெண்தானே, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாராமே என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆமாங்க, போகிறாள் என்றார். நாற்காலி எடுத்துப் போட்டார். உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார். பெண் நல்ல பெண், எந்த வம்புதும்புக்கும் போகாது என்று அவரே சான்று கொடுத்தார். எந்த நாடு என்று போலீஸ்காரர் கேட்டபோது மட்டும் தோகைக் கட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தப் பேர் நம்ம வாயில் எங்கே நுழைகிறது என்று சொல்லிச் சிரித்து மழுப்பினார். அவருக்கு எந்த நாடு என்று தெரியாது. ஊர் முன்னால் அதை அவர் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டி தெருமுனை திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"எம்மவ எங்க போறான்னு போலீஸ்காரன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

நான் ஊரை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் கடைசி. அப்போது பங்குனி மாதம். அதற்குப் பிறகு கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார், சான்றிதழ் வாங்கத் தாலுக்கா ஆபீசுக்கு இரண்டு தடவை அலைந்தார். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது.

மாட்டிடம் சொல்வது

அப்பாவின் கோபத்தில் இரண்டு வகை உண்டு. சாதாரணக் கோபம் என்றால் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துவார், பத்து நிமிஷத்தில் காபி கேட்பார். மனசு நிஜமாகவே அடிபட்டால் கத்தமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார்.

சித்தப்பாவோடு அப்படித்தான் ஆனது. வாய்க்காலில் எங்கள் முறையன்று சித்தப்பா ஒரு மணி நேரம் முன்னதாக மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். மூன்று வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த கழனி, ஒரே வாய்க்கால், ஒரே மோட்டார் கொட்டகை, பேச்சு மட்டும் இல்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டதிலிருந்து பாத்திரம் கழுவி அனுப்பியது வரை அப்பாதான் முன்னால் நின்று செய்தார், வாயைத் திறக்காமலே. அப்புறம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்திருந்த சித்தப்பா வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டார், அப்பா இருக்கிறது என்றார். அன்றோடு சரியாகிவிட்டது.

அந்த மூன்று வருஷமும் தகவல் எப்படிப் போய் வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பேச்சு நின்றுபோனவர்கள் மாட்டிடம் பேசுவார்கள். மாடு இல்லையென்றால் நாய், நாயும் இல்லையென்றால் வேலிக்கால். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொன்னால் போதும். ஜாடைப் பேச்சு என்று இதைச் சொல்வோம். கேட்டவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் காரியத்தைச் செய்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒரு பசுமாடு. நான் புறப்படும் வரை அதற்குத்தான் அந்த ஆறு மாதமும் என்னைப் பற்றிய எல்லா விவரமும் தெரிந்திருந்தது.

"ஏ செவல, வாய்க்கா தொறக்கறத படிக்கறதுக்கு ஏரோப்ளேன்ல போவணுமா?" என்று ஒருநாள் கேட்டார். நான் படிக்கப்போவது நீர் மேலாண்மை என்று அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறாள். இன்னொரு நாள் தோகையைப் போட்டுக்கொண்டே, குளிர் தேசத்துக்குப் போகிறவர்கள் காதுக்குக் குல்லா வாங்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுகிறதா பார் என்று அதனிடம் குறைப்பட்டுக்கொண்டார். மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ் ஏறிப் போய்க் குல்லா வாங்கி வந்தேன். சாயங்காலம் அதைக் கொடியில் அவர் கண்ணில் படுகிற மாதிரி போட்டுவைத்தேன்.

சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் சில நாள் சிரிப்பு வந்தது. பல நாள் வரவில்லை. பத்தடி தூரத்தில் நிற்கிற அப்பா மாட்டின் முகத்தைப் பார்த்து என்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பி, ஏய் என்றாவது கூப்பிட்டுவிடமாட்டாரா என்று ஏங்கினேன். அந்த ஆறு மாதத்தில் எனக்கு விசா கிடைக்குமா என்ற கவலையைவிட அதுதான் பெரிய கவலை.

முறைத் தண்ணீர்

புறப்படுகிற அன்றைக்கு எங்கள் கழனிக்கு முறைத் தண்ணீர். காலையிலேயே அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். போவதற்கு முன், மெட்ராஸ் ரோட்டில் வேகமாக ஓட்டக் கூடாது என்று வேன்காரனிடம் யாராவது சொல்லுங்கள் என்று செவலையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேன் மத்தியானம் வந்தது. அம்மா, தம்பி, நான், இரண்டு பெட்டி. கழனியைத் தாண்டும்போது மெதுவாகப் போகச் சொன்னேன். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. மடை ஓரத்தில் அவருடைய வெள்ளைத் துண்டு மட்டும் தெரிந்தது. தம்பி ஹாரன் அடிக்கச் சொன்னான். வேன்காரர் இரண்டு தடவை அடித்தார். துண்டு அசையவில்லை. அதற்குப் பின்னால் கல்வராயன் மலை முழுசாகத் தெரிந்தது, மேகம்கூட இல்லை.

தண்ணீர் முறையைச் சித்தப்பா பார்த்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். அப்பா வேண்டுமென்றேதான் வரவில்லை. மீனம்பாக்கத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் எல்லோருடைய அப்பாக்களும் நின்றிருந்தார்கள். பெட்டியைத் தூக்கி வைக்கிறார்கள், பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பத்தாவது தடவை கேட்கிறார்கள், திட்டுகிறார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. என் அப்பாவுக்கு என்ன கொள்ளை, வந்தால் என்ன, பேசக்கூட வேண்டாம், நின்றிருக்கலாமே என்று நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடுதான் விமானம் ஏறினேன். அதே ஆத்திரத்தோடுதான் மூன்றாம் நாள் அந்த மார்க்கரையும் பிடித்தேன்.

மலை இல்லாத ஊர்

நான் போய் இறங்கிய ஊர் தட்டைத் தரை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மேடு கிடையாது. எங்கள் ஊரில் மலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் மேற்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இங்கே முதல் மாதம் முழுக்கத் திசை தெரியாமல் திரிந்தேன். டிராமில் எதிர்ப்பக்கம் ஏறிப்போய் ஏதோ ஒரு கல்லறைத் தோட்டத்து வாசலில் இறங்கி, வந்த வழியே திரும்பி வந்தது மட்டும் மூன்று தடவை.

வகுப்பில் முதல் நாள் பேராசிரியர் பெயர்களை வாசித்தார். 'ஃப்ராவ் கோலன்யி' என்று ஒரு பெயர் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை வாசித்தபோதுதான், அது கொளஞ்சி என்பது எனக்கு உறைத்தது. ஃப்ராவ் என்றால் அம்மணி. அம்மணி கொளஞ்சி. அப்பா பின்னால் எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறாரா என்று நிஜமாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் கொளஞ்சி என்பது தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். விருத்தாசலம் பக்கத்துக் கொளஞ்சியப்பர் சாமியின் பெயர். ஆனால் எங்கள் வீட்டுக்குள் அந்தப் பெயர் ஒலித்ததே இல்லை. அம்மா புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சின்ன வயதில் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குகிற இடத்தில், ரேஷன் கடையில், எங்கே வீட்டுக்காரர் பெயரைக் கேட்டாலும் என் முதுகில் ஒரு தட்டு தட்டுவாள். நான் எக்கி நின்று கொளஞ்சி என்று கத்துவேன். அப்பா பெயரை நான் சத்தமாகச் சொல்ல அனுமதி உள்ள இடங்கள் அவைதான், அதனால் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கத்துவேன். சீட்டு எழுதுகிறவர்கள் சிரிப்பார்கள்.

இங்கே அந்தப் பெயரைச் சொல்ல யாரும் தயங்கவில்லை. வங்கியில், நூலகத்தில், மருத்துவரிடத்தில் எல்லாம் ஃப்ராவ் கோலன்யி. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அப்பா பெயர் என் காதில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கோபம் முதலில் வரும், ஏக்கம் பின்னாலேயே வரும்.

எனக்குச் சாப்பாட்டு இடைவேளை பன்னிரண்டரை மணி. அப்போது ஊரில் சாயங்காலம் ஐந்து, பால் கறக்கிற நேரம். அம்மா போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் கறக்க உட்காருவாள். எனக்குச் செவலையின் வயிறும் அம்மாவின் முழங்கையும்தான் தெரியும். பீச்சுகிற சத்தம் கேட்கும். சாணமும் தோகையும் கலந்த வாசனை போனில் வராது என்று தெரிந்தும் மூக்கைக் கிட்டே கொண்டுபோவேன். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் அப்பாவின் காலும் லுங்கி நுனியும் வரும். தோகைக் கட்டு தொப்பென்று விழும்.

"ஏ செவல, சில பேரு ரொம்ப எளச்சிப் போயிட்டாங்க. அந்த ஊர்ல சோறு கம்மி போல இருக்குது."

அந்த ஒரு வரிக்காகத்தான் நான் தினமும் அந்த நேரத்துக்கு அழைத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டே கேட்பேன். அடுத்த நாள் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு போன் செய்வேன். அப்பா, இங்கே பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வரும். சொல்லிவிட்டு அவர் பதில் பேசாமல் போய்விட்டால் அதைத் தாங்க முடியாது என்று விட்டுவிடுவேன்.

அப்படி யாரும் இல்லை

இதற்கு நடுவில் எனக்கு வர வேண்டிய தபால் எதுவும் வரவில்லை. வங்கி அட்டை வரவில்லை, காப்பீட்டு அட்டை வரவில்லை. நேரம் தவறாத தேசம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறார்கள், ஒரு கடிதம் கொடுக்கத் துப்பில்லை என்று அம்மாவிடம் திட்டித் தீர்த்தேன். முகவரியைப் பல தடவை சரிபார்த்தேன். தெரு சரி, கட்டட எண் சரி, அறை எண் சரி.

பெட்டியில் இருக்கிற பெயர்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர்த் தபால்காரருக்குப் பெயர் எதற்கு? கோயில் பின்னால் கரும்புக்காரர் வீடு என்று எழுதினால்கூட வந்துவிடும். வீட்டில் ஆள் இல்லையென்றால் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார், அந்தப் பக்கம் போகிற யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள். தபால் கொடுக்கிறவருக்கு ஆளைத் தெரியும் என்று நம்பியே வளர்ந்தவள் நான். இங்கேயும் அறை எண் இருக்கிறது, அந்த அறையில் இருக்கிறவள் நான்தான், அப்புறம் என்ன என்று இருந்துவிட்டேன்.

என் விசா ஆறு மாதத்துக்கு. அது முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் தேதி குறித்துக் கடிதம் போடுவார்கள். காத்துக்கொண்டே இருந்தேன். மார்ச் மாதம், விசா முடிய ஒன்பது நாள் இருக்கையில் அவர்களிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இரண்டு தடவை தேதி கொடுத்தோம், இரண்டு தடவையும் நீங்கள் வரவில்லை என்று இருந்தது.

மறுநாள் விடியலிலேயே போய் வாசலில் நின்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் ஒரு கோப்பைத் திறந்து இரண்டு உறைகளை எடுத்துப் போட்டார். திரும்பி வந்த கடிதங்கள். இரண்டிலும் முகவரி சரியாக இருந்தது. மேலே ஃப்ராவ் கொளஞ்சி. அதன் குறுக்கே ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்.

எனக்கு ஜெர்மன் கொஞ்சம் பிடிபட்டிருந்தது. இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று அதில் இருந்தது.

அந்த அம்மாள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் ஏறவில்லை. அப்பா பெயருக்கு மேல், அப்படி யாரும் இல்லை என்று ஒட்டியிருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டியது தபால்காரர், ஒட்டவைத்தது நான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விசாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். தற்காலிகச் சான்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, புதுத் தேதியும் போட்டுத் தந்தார். எழுந்திருக்கும்போது, முதலில் பெட்டியில் பெயரை எழுதுங்கள் என்றார்.

விடுதிக்கு வந்ததும் ஹெர் வோல்ஃபிடம் ஒரு தாள் கேட்டேன். கொளஞ்சி என்று எழுதினேன். ஏழு ஆங்கில எழுத்து. பழைய தாளை உருவிவிட்டு இதைச் செருகினேன்.

செவலைக்கு ஒரு சேதி

பன்னிரண்டரைக்கு அழைத்தேன். அம்மா வழக்கம்போல் போனைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். விசா தப்பித்தது என்றதும் மாரியாத்தா காப்பாத்திட்டா என்றாள். பெட்டியில் எந்தப் பெயர் இல்லாமல் இதெல்லாம் வந்தது என்பதையும் சொன்னேன். பீச்சுகிற சத்தம் நின்றுவிட்டது.

"அவுரு பேர எழுதாம வுட்டியா? இன்னாடி பண்ணி வெச்சிருக்க."

அப்போதுதான் ஓரத்தில் லுங்கி நுனி தெரிந்தது. அப்பா எப்போது வந்து நின்றார், எவ்வளவு கேட்டார் என்று எனக்குத் தெரியாது. தோகைக் கட்டு விழும் சத்தமும் வரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"தபால்காரன் மேல இன்னா தப்பு, செவல? பேரு இல்லாத வூட்டுல அவன் யாருகிட்ட குடுப்பான்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார். அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. போனை மாட்டின் முகத்துக்கு நேராகத் திருப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். திருப்பு என்று அதட்டினேன். செவலையின் பெரிய கண்ணும் மூக்கணாங்கயிறும் திரை முழுக்க வந்தன.

"செவல, உங்க ஆளுகிட்ட ஒண்ணு சொல்லு. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி நான் அவுருகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லாதது எந்தப்பு. பேர எழுதாததும் எந்தப்புதான்."

மாடு நாக்கை நீட்டி மூக்கைத் துழாவிக்கொண்டது. பிறகு படம் ஆடியது. வானம் தெரிந்தது, மலை குறுக்காகத் தெரிந்தது, அப்பாவின் தாடை தெரிந்தது. போனை எப்படிப் பிடிப்பது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. நாலு நாள் தாடி, எல்லாம் வெள்ளை. நான் வரும்போது அவ்வளவு வெள்ளை இல்லை.

"மாட்டுகிட்ட இன்னா பேச்சு, எங்கிட்ட பேசு" என்றார்.

அவர் என்னிடம் நேராகப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எவ்வளவோ பேச வைத்திருந்தேன். அப்பா என்று மட்டும் கூப்பிட்டேன். அவர் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

இல்லை என்று சொல்லி அந்த நேரத்தைச் சமாளித்திருக்கலாம். மறுபடியும் அவரை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"சொல்லியிருப்பீங்கப்பா."

அவர் திரையைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்தார். அம்மா பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"ஆமா. சொல்லியிருப்பேன். நாலு நாளு கத்தியிருப்பேன். சோறு துன்னாம கழனியிலயே படுத்துக்கினு இருந்திருப்பேன். அஞ்சாம் நாளு நானே கடைக்கு இட்டுக்கினு போயி பொட்டி வாங்கிக் குடுத்து, மெட்ராஸ் வரைக்கும் வந்து ஏத்தி வுட்டிருப்பேன். அந்த அஞ்சு நாள நீ எனக்குக் குடுக்கல."

நான் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டேன். மீனம்பாக்கத்தில் அவர் வந்து நிற்கவில்லை என்று ஆறு மாதமாக அவர் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டு திரிந்தேனே. எந்த முகத்தோடு வந்து நிற்பார். நான் எந்த நாட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் கேட்டவருக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

அழாதே என்று அவர் சொல்லவில்லை. நான் அழுது முடிக்கிற வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, அங்கே வாய்க்கால் இருக்கிறதா, அதில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களா என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பால் சொசைட்டிக்கு அம்மா நேரம் கழித்துத்தான் போனாள்.

அதற்கப்புறம் எத்தனையோ தடவை ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு மெட்ராஸ் வரைக்கும் வருகிறார். பெட்டியை யாரையும் தொட விடுவதில்லை. கண்ணாடிக் கதவு வரைக்கும் அவரே தள்ளிக்கொண்டு வந்து, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, நான் உள்ளே திரும்பி மறைகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறார். நானும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கை காட்டுகிறேன். ஆனால் மகளை முதல் முதலாக வெளிநாட்டுக்கு ஏற்றி அனுப்புகிற நாள் ஓர் அப்பாவுக்கு ஒன்றுதான். அதை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. இனிமேல் கொடுக்கவும் முடியாது.